கைய உள்ள வை

வாந்தி வர்ற ஆளா சார் நீங்க? இல்லையா, சரி. கேட்டு வச்சுக்கிறது நல்லது. ஆழியாறு செக்போஸ்ட் தாண்டுனா நாப்பது வளைவு இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு போர்டு வச்சிருப்பாங்க. புதுசா வர்றவங்க முதல் பத்து வளைவுல சிரிச்சுக்கிட்டே போட்டோ எடுப்பாங்க. அதுக்கப்புறம் பேச்சு மூச்சு இருக்காது.

அங்க முன்னால மூணாவது சீட்டுல, பழுப்புச் சால்வை போத்திக்கிட்டு உக்காந்திருக்கா பாருங்க, அது என் வீட்டுக்காரி. லூர்துன்னு பேரு. அவளுக்கு இந்த வளைவு ஒத்துக்காது. பக்கத்துல உக்காந்திருக்கிறது யாரோ ஒரு டீச்சரம்மா. நான் ஏன் அங்க உக்காரலைன்னு பாக்குறீங்க. லேடீஸ் சீட்டு சார். அதுவும் இல்லாம அதுதான் பழக்கம். கல்யாணம் ஆகி இருபத்தேழு வருஷம், இந்த ரோட்டுல எத்தனை தடவை போய் வந்திருப்போம். அவ முன்னால, நான் பின்னால. அவளுக்கு வாந்தி வந்தா நான் பின்னால இருந்து பாத்துக்குவேன்.

வால்பாறைக்கு மேல ஒரு எஸ்டேட்ல தேயிலை ஃபேக்டரி. அங்க நான் மிஷின் மேஸ்திரி. சவரிமுத்து மேஸ்திரின்னா எல்லாருக்கும் தெரியும். எனக்குக் கீழ இருபத்திரண்டு பேரு. முப்பது வருஷமா மிஷின் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தி, சும்மா பேசுறதே எனக்கு சத்தமாத்தான் வரும். இப்பவே முன் சீட்டுக்காரர் ரெண்டு தடவை திரும்பிப் பாத்துட்டார். குறைச்சுக்கிறேன். இல்லன்னா அவளுக்கும் கேட்டுரும்.

அவளுக்கு கர்ப்பப்பையில கட்டி சார். ரெண்டு வருஷமா உதிரப்போக்கு. வெளிய சொல்லாமலே கொழுந்து பறிச்சுக்கிட்டு இருந்திருக்கா. ஒரு நாள் தேயிலைக் காட்டுல நின்ன இடத்துலயே மயங்கி விழுந்தா. கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். கர்ப்பப்பையை எடுத்துரணும்னுட்டாங்க.

கத்திக்குப் பயப்படற ஆள் இல்ல அவ. அவ பயமெல்லாம் அதுக்கப்புறம் வர்ற வாந்திக்கு. ரெண்டாவது பையன் பொறந்தப்ப குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணாங்க. மயக்கம் தெளிஞ்சதுல இருந்து ரெண்டு நாள் ஓயாத வாந்தி. குமட்டிக் குமட்டி தையல் விட்டுப்போய் மறுபடி தச்சாங்க. அதை அவ மறக்கல. ஆபரேஷன்னு சொன்னாலே அவளுக்கு வயித்தைப் பிடிச்சுக்கத் தோணும். முதல் தடவை தியேட்டர் வாசல் வரைக்கும் கொண்டு போயி பிரஷர் பாத்தாங்க. இருநூறு. இதை வச்சுக்கிட்டு மயக்கம் குடுக்க முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பிரஷர் மாத்திரை குடுத்துப் பாத்தாங்க, வீட்டுல இருந்தா சரியா இருக்கும். ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சா ஏறிரும்.

அப்பத்தான் அந்த மயக்க டாக்டர் சொன்னார், நம்ம ஆஸ்பத்திரியிலயே மைதிலின்னு ஒரு டாக்டரம்மா இருக்காங்க, அக்குபங்சர் பண்ணுவாங்க, ஆபரேஷனுக்கு முன்னால பதட்டம் குறையும், பின்னால வாந்தியும் குறையலாம், மருந்தோட சேத்து அதையும் பாக்கலாமேன்னு. எனக்கு நம்பிக்கை இல்ல. ஊசி குத்திப் பயத்தை எடுக்கிறதுன்னா என்ன சார், முள்ளா எடுக்கிறதுக்கு. ஆனா வேற வழி இல்ல, சரின்னோம்.

இதோ, ஒண்ணாம் நம்பர் வளைவு. கம்பியைப் பிடிச்சுக்குங்க.

அந்தம்மா சின்னப் பொண்ணு. எங்க பெரியவனைவிட ரெண்டு மூணு வயசுதான் கூட இருக்கும். திரை போட்ட ஒரு சின்ன ரூம். முடி மாதிரி ஊசி, புருவத்துக்கு நடுவுல ஒண்ணு, மணிக்கட்டுல ரெண்டு. லூர்து கண்ண மூடுனா. கால் மணி நேரத்துல குறட்டை. வீட்டுல கூட அவ அப்படித் தூங்கிப் பாத்ததில்ல. அப்புறம் டாக்டர் என்னைக் கூப்பிட்டாங்க. ஊசி நான் போட்டுக்கிறேன், ஆனா நான் இல்லாத நேரத்துல நீங்க அழுத்திவிடணும்னாங்க. மணிக்கட்டு ரேகையில இருந்து மூணு விரல் தள்ளி, ரெண்டு நரம்புக்கு நடுவுல. மூணு விரல்னா அவங்க விரல்ல மூணு, உங்க விரல் தடின்னாங்க. கட்டை விரலை வச்சு மெதுவா அழுத்தி, அவ மூச்சு விடற வரைக்கும் பிடிச்சு, விடணும். அவ்வளவுதான் வேலை. நர்ஸை வச்சுப் பண்ணலாமேன்னு கேட்டேன். நீங்க பண்ணா அவங்களுக்கு தைரியமா இருக்கும்னாங்க.

இதைச் சொன்னா நீங்க சிரிப்பீங்க. பொண்டாட்டி கையை அதுக்கு முன்னால நான் அப்படிப் பிடிச்சது ஒரே ஒரு தடவை. கல்யாணத்தன்னைக்கு மாதா கோயில்ல பங்குச் சாமியார் அவ கையை எடுத்து என் கை மேல வச்சார். அவர் வச்சதால பிடிச்சேன். அதுக்கப்புறம் பிள்ளைங்க பொறந்தாங்க, வளந்தாங்க, எல்லாம் நடந்துச்சு, ஆனா கையைப் பிடிச்சு சும்மா உக்காந்திருந்தோமான்னா இல்ல. எங்க பக்கம் யாரும் அப்படி உக்கார மாட்டாங்க.

மூணு நாள் அந்தத் திரைக்குள்ள உக்காந்து அழுத்துனேன். கொழுந்து கிள்ளிக் கிள்ளி அவ ஆள்காட்டி விரல் பக்கவாட்டுல கறுத்து வெடிச்சுக் கிடக்கு. அது எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். 'உங்க கை சூடா இருக்கு'ன்னு சொன்னா. மூணாம் நாள் பிரஷர் நூத்தி முப்பது. டாக்டரம்மா சிரிச்சுக்கிட்டே, மேஸ்திரி கைக்கு நல்லா கேக்குதேன்னாங்க. எனக்கு உள்ளுக்குள்ள பெருமை தாங்கல. நாலு மணி எப்ப ஆகும், அந்த ரூமைத் தொறப்பாங்கன்னு பாத்துக்கிட்டு இருப்பேன். உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன.

ஆபரேஷன் அன்னைக்குக் காலையில மைதிலி டாக்டருக்கு வேற வார்டுல வேலை. முந்தின நாளே சொல்லிட்டாங்க. தியேட்டருக்குக் கூப்பிடற வரைக்கும் வெளி ஹால்ல முக்கால் மணி நேரம் போல படுக்க வைப்பாங்க, பிரஷர் ஏறுறதே அங்கதான், அந்த நேரம் முழுக்க நீங்க கையை விடக் கூடாது, மாத்தி மாத்தி ரெண்டு கையிலயும்னாங்க. நானும் பெரிய இவனாட்டம், 'நீங்க போங்க டாக்டர், நான் பாத்துக்கிறேன்'னு சொன்னேன்.

காலையில எட்டு மணிக்கு அவளை ஸ்ட்ரெச்சர்ல வச்சு அந்த ஹாலுக்குக் கொண்டு வந்தாங்க. தாலி, ஜெபமாலை எல்லாம் கழட்டி ஒரு கவர்ல போட்டு என் கையில குடுத்துட்டாங்க. பச்சைத் துணி போத்தி விட்டிருந்தாங்க. நான் பக்கத்துல போயி நின்னேன். அப்ப பாத்து படியேறி வர்றாங்க சார், எங்க எஸ்டேட் ஆளுங்க. ஜீப் பிடிச்சு ஏழு பேரு. என் மச்சான் எட்வர்டு, அதாவது அவ தம்பி. மத்தவங்க எல்லாம் ஃபேக்டரியில எனக்குக் கீழ வேலை பாக்குறவங்க. நல்ல மனசோடதான் வந்தாங்க. ஹார்லிக்ஸ், ஆரஞ்சு எல்லாம் வாங்கிட்டு வந்திருந்தாங்க.

அதுல தேவசகாயம்னு ஒருத்தன். அவன் கதையைச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால ஒரு மழை நாள்ல, அவன் பொண்டாட்டி நனையக் கூடாதுன்னு அவளுக்குக் குடை பிடிச்சுக்கிட்டு, இவன் நனைஞ்சுக்கிட்டே நடந்து வந்தான். பிள்ளைத்தாச்சிப் பொண்ணு. ஃபேக்டரி வாசல்ல நின்னு பாத்துட்டு, 'வாங்கடா, குடைக்காரன் வர்றான்'னு ஒருத்தர் கத்துனாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அன்னைல இருந்து அவன் பேரு குடைக்காரன். சம்பளம் வாங்க நிக்கும்போதும் குடைக்காரன், கோயில் திருவிழாவுலயும் குடைக்காரன். அவன் பிள்ளையை ஸ்கூல்ல குடைக்காரன் மவன்னு கூப்பிடறாங்க. அந்தப் பேரை வச்சது யாருன்னு கேக்கலையே நீங்க.

நான்தான் சார்.

அவனும் வந்து நின்னான். ஏழு பேரும் ஸ்ட்ரெச்சரைச் சுத்தி நிக்கிறாங்க. லூர்து என்னைப் பாத்தா. அப்புறம் பச்சைத் துணிக்கு வெளிய கையை நீட்டுனா. உள்ளங்கை மேல பாக்க, மணிக்கட்டு தெரியற மாதிரி, டாக்டர் சொல்லிக் குடுத்த மாதிரியே. கை அப்படியே அந்தரத்துல நிக்குது.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. எட்வர்டு வேற அந்தக் கையையும் என் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாக்குறான். நான் என்ன பண்ணியிருக்கணும்? பிடிச்சிருக்கணும், அவ்வளவுதானே. கையில ஒரு கவர் இருந்துச்சு, அதைப் பையில போட்டிருக்கலாம். நான் சொன்னேன், 'கைய உள்ள வை. என்ன இது, எல்லாரும் நிக்கிறாங்க.'

என் சத்தத்தைத்தான் இப்பக் கேக்குறீங்களே. மெதுவா சொன்னதா நெனைச்சுத்தான் சொன்னேன். ஹால் பூராக் கேட்டுச்சு. பக்கத்து ஸ்ட்ரெச்சர்காரி திரும்பிப் பாத்தா. லூர்து கையை உள்ள வச்சுக்கிட்டா. துணியை இழுத்துக் கழுத்து வரைக்கும் போத்திக்கிட்டா. அந்தத் தேவசகாயம் மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். சிரிப்பான்னு நெனைச்சேன், அவன் சிரிக்கல. மத்தவங்களை, 'வாங்கய்யா, கீழ போய் டீ குடிச்சிட்டு வருவோம்'னு கூட்டிட்டுப் போனான். எனக்கு நேரம் குடுத்தான் சார். நானும் அவங்க கூடவே இறங்கிப் போயிட்டேன். டீ குடிச்சேன். பன்னும் தின்னேன்.

திரும்பி வந்தா தியேட்டர் வாசல்ல பிரஷர் பாத்துக்கிட்டு இருக்காங்க. நூத்தித் தொண்ணூறு. மைதிலி டாக்டர் அந்த இன்னொரு வார்டுல இருந்து ஓடி வர்றாங்க. 'அழுத்துனீங்களா மேஸ்திரி?'ன்னு கேட்டாங்க. 'அழுத்துனேன் டாக்டர்'னேன். 'விடாமலா?' 'விடாம டாக்டர். ரெண்டு கையும்.'

எப்படி வந்துச்சுன்னு தெரியல அந்தப் பொய். டாக்டர் லூர்தைப் பாத்தாங்க. நான் கவரைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். அவ ஒரு வார்த்தை சொன்னா நான் அந்த இடத்துலயே செத்தேன். அவ சொன்னா, 'அழுத்துனாருங்க.'

டாக்டரம்மா மூஞ்சி வாடிப்போச்சு. 'அப்ப உங்களுக்கு இது கேக்கல போலிருக்கும்மா, சில பேருக்குக் கேக்காது'ன்னு சொல்லிட்டு, பேப்பர்ல என்னமோ எழுதுனாங்க. அப்புறம் மயக்க டாக்டர் ஏதோ ஊசி மருந்து போட்டு, ஒரு மணி நேரம் காத்திருந்து, ஒரு வழியா உள்ள கொண்டு போனாங்க. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. அதுக்குக் கடவுளுக்கு நன்றி.

ஆனா கேளுங்க. ஆபரேஷனுக்கு அப்புறமும் மணிக்கட்டுல ஊசி போட்டு, என்னையும் அழுத்தச் சொல்லி, வாந்திக்குப் பாக்கிறதாத்தான் ஏற்பாடு. அதை டாக்டரம்மா நிறுத்திட்டாங்க. கேக்காத ஒண்ணை வச்சு அவங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும், மருந்தே போதும்னாங்க. அவங்க மேல தப்பில்ல. நான் சொன்னதை நம்புனாங்க. வாந்திக்கு மருந்து போட்டாங்க. கேக்கல. மறுபடி ரெண்டு நாள் வாந்தி. ஒவ்வொரு தடவையும் வயித்தை ரெண்டு கையாலயும் அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு அவ குமட்டுவா பாருங்க, அதைப் பாக்க முடியாது. நான் அழுத்தியிருந்தா நின்னிருக்குமா? தெரியாது. டாக்டரே நிச்சயமா நிக்கும்னு சொல்லல. தெரியாதுங்கிறதுதான் சார் என்னைத் தின்னுது.

அது பொம்பளைங்க வார்டு. சாயந்திரம் நாலுல இருந்து ஆறு வரைக்கும்தான் ஆம்பளைங்களை விடுவாங்க. ரெண்டாம் நாள் போயி அவ கட்டில் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்திருக்கேன். அவ கண்ண மூடிப் படுத்திருக்கா. கழுத்து வரைக்கும் போர்வை. போர்வை லேசா அசையுது. ஏறுது, கொஞ்ச நேரம் நிக்குது, இறங்குது. குளிர்ல நடுங்குறாளோன்னு போர்வையைச் சரி பண்ணப் போனேன். உள்ள பாத்தா, அவ இடது கைக் கட்டை விரலால வலது மணிக்கட்டை அவளே அழுத்திக்கிட்டு இருக்கா. மூணு விரல் அளந்து, ரெண்டு நரம்புக்கு நடுவுல. தோல் கன்னிப்போய் இருந்துச்சு. எப்ப இருந்து பண்றாளோ.

'வெளிய வச்சே பண்ணலாமே'ன்னேன். கண்ணைத் தொறக்காமலே சொன்னா, 'டாக்டரம்மா பாத்தா, கேக்காததை இப்ப ஏன் பண்றீங்கன்னு கேப்பாங்க. அப்புறம் உங்களைக் கேப்பாங்க.' அவ்வளவுதான் சொன்னா. நான் போர்வையை மறுபடி போத்திவிட்டேன். வேற என்ன பண்ணேன்னு கேக்காதீங்க. போத்திவிட்டேன்.

அதோட ஒரு மாசம் ஆச்சு. ஒரு வார்த்தை அதைப் பத்தி அவ கேக்கல. திட்டியிருந்தா கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். நான் எதுக்காவது கத்துனா பதிலுக்குக் கத்துற பொம்பளைதான், இதுல மட்டும் வாயைத் தொறக்கல.

இன்னைக்கு செக்கப்புக்கு வரச் சொல்லியிருந்தாங்க. அதுதான் போய்ட்டு வர்றோம். போகும்போதே முடிவு பண்ணிட்டேன், டாக்டரம்மாகிட்ட உண்மையைச் சொல்லிரணும்னு. பஸ்ல போகும்போது எப்படி ஆரம்பிக்கிறதுன்னு கூட யோசிச்சு வச்சிருந்தேன். போனா, அந்தப் பொண்ணு அதே சிரிப்போட வந்துச்சு. தையல் ஆறிருச்சான்னு கேட்டுச்சு. அப்புறம் என்னைப் பாத்து, 'மேஸ்திரி, உங்களைப் பத்தி எல்லார்கிட்டயும் சொல்றேன். வீட்டுக்காரர் முக்கால் மணி நேரம் விடாம கையைப் பிடிச்சு அழுத்தியும் சில பேருக்குக் கேக்காது, அதனால மனசு விட்டுறாதீங்கன்னு உங்களைத்தான் உதாரணம் சொல்றேன்'னாங்க. பக்கத்துல ஒரு பையன், புதுசாக் கல்யாணம் ஆனவன் போல, பொண்டாட்டியைக் கூட்டிட்டு வந்தவன், என்னைப் பெரிய மனுஷன் மாதிரிப் பாக்குறான். நான் என்ன பண்ணேன்? தலையை ஆட்டுனேன். லூர்து சுவத்துல இருந்த காலண்டரைப் பாத்துக்கிட்டு நின்னா.

அதனாலதான் முன்ன பின்ன தெரியாத உங்ககிட்ட இதையெல்லாம் கொட்டிக்கிட்டு இருக்கேன். தெரிஞ்சவங்ககிட்ட சொல்ல முடியாது பாருங்க.

பாத்தீங்களா, சால்வை அசையுது. வளைவு வர்றப்பல்லாம் அசையும். உள்ள கையை வச்சு அழுத்திக்கிட்டு இருக்கா. இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் வாந்தி வரல. பஸ்ல அது கேக்குது. அப்ப அன்னைக்கும் கேட்டிருக்கும்தானே சார். ஒண்ணும் சொல்லாதீங்க, சும்மாதான் கேட்டேன்.

அட்டகட்டி வந்துருச்சு. அந்த டீச்சரம்மா இறங்குறாங்க. ஆமா, பாத்தேன், சீட்டு காலியாத்தான் இருக்கு. லேடீஸ் சீட்டுதான், ஆனா சொந்தப் பொண்டாட்டி பக்கத்துல உக்காந்தா கண்டக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டார். அது எனக்கும் தெரியும். எங்க எஸ்டேட் ஆளுங்க ரெண்டு பேர் இப்பத்தான் ஏறிப் பின்னால உக்காந்திருக்காங்க, அதுதான்... சரி சார். சரி. நீங்க சொல்றது நியாயம். இந்தப் பையை மட்டும் பாத்துக்குங்க, அவ மாத்திரை இருக்கு. போறேன்.

கொஞ்சம் நகந்துக்குங்க சார். வந்துட்டேன்.

போனேன். நீங்களே பாத்தீங்க. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அவ பக்கத்துல நின்னேன். நிமிந்து பாத்து, 'என்ன, மாத்திரை போடணுமா?'ன்னா. இல்லைன்னேன். கையை நீட்டுனேன் சார். சத்தியமா நீட்டுனேன். அவ அதைப் பாத்தா. அப்புறம் எட்டி, பின்னால உக்காந்திருக்கிற அந்த ரெண்டு பேரைப் பாத்தா. எனக்கு மட்டும் கேக்குற மாதிரி மெதுவா சொன்னா, 'கைய உள்ள வைங்க. எல்லாரும் பாக்குறாங்க.'

குத்திக் காட்டுறான்னு நெனைக்காதீங்க. அவளுக்கு அப்படிப் பேச வராது. நாளைக்கு ஃபேக்டரியில எனக்கு ஒரு பேர் வச்சிரக் கூடாதேன்னுதான் சொன்னா. எனக்காகச் சொன்னா. 'எனக்கு ஒண்ணும் இல்ல, போய் உக்காருங்க'ன்னு சால்வையை இழுத்து மூடிக்கிட்டா.

பாத்தாப் பாத்துட்டுப் போறாங்கன்னு அப்பவே உக்காந்திருக்கலாம். யாரு தடுத்தா? ஆனா அவ போங்கன்னு சொன்னதும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா சார்? அப்பாடான்னு இருந்துச்சு.

சீட்டு இன்னும் காலியாத்தான் இருக்கு.